சரிவுக் கூண்டும் என் ஆம்லெட்டும்

ஆலை வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று முதலாளிகளைத் தூங்கவிடாமல் செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது நான் தூங்க வேண்டாமா? வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. விடியுமுன் எழுந்து, கோழிக்கூண்டுக்குள் தலையை நுழைத்து, முட்டை பொறுக்க வேண்டும். கூலி, காலையில் ஒரு ஆம்லெட். நிர்வாகம், என் மனைவி.

தூக்கமும் வேண்டும், ஆம்லெட்டும் வேண்டும் என்று ஒரு நாள் தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதாக. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

துண்டுப் பிரசுரம் படித்தே பொருளாதாரம் கற்றவனுக்குக் கோழி வளர்ப்பு எம்மாத்திரம்? ஊர்வலத்தில் தூக்கிய பழைய பலகைகளை அறுத்துக் கூண்டுக்குள் சரிவாகத் தளம் போட்டேன். ‘உழைப்பவனுக்கே’ என்ற பாதி முழக்கத்தின் மேல் கோழிகள் உட்கார்ந்தன. இட்ட முட்டை உருளும். நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயில் இறங்கும். சமையலறை ஜன்னல் வழியாக அடுப்போரக் கூடையில் போய்ச் சேரும். செலவு, என் முதுகுவலி மட்டும்.

முதல் முட்டை வந்த வேகத்தில் உடைந்தது. வேகத்தடைக்கு ரப்பர் தேவைப்பட்டது. ஒரு பொதுக்கூட்டத்தில் என்மேல் வந்து விழுந்த ஒற்றைச் செருப்பைப் பத்திரமாக வைத்திருந்தேன். வெட்டி ஒட்டினேன். எதிரணி இந்தச் சமூகத்துக்குச் செய்த ஒரே நன்மை அது.

மறுநாள் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். எழுந்து போய்த் தட்டின் முன் உட்கார்ந்தேன். தட்டு காலி.

“ஆம்லெட் எங்கே?”

“எதுக்கு?”

“தினமும் தருவியே.”

“அது முட்டை பொறுக்கறவருக்குங்க. இப்பதான் குழாய் பொறுக்குதே.”

“அந்தக் குழாயைச் செஞ்சது யாரு?”

“நீங்கதான். ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. மெஷின் வந்தா ஆளைத் தூக்கிடுவாங்கன்னு ஊரெல்லாம் மைக் வெச்சுப் பேசினதும் நீங்கதான். நான் தூக்கினா மட்டும் கசக்குதா?”

வேலைநிறுத்தம் அறிவித்தேன்.

“எந்த வேலையை நிறுத்தப் போறீங்க?” என்றாள்.

யோசித்தேன். நிறுத்துவதற்கு வேலையே இல்லை. ஆலை வாசலில், வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கருங்காலிகளை மறித்துப் படுத்தவன், என் கையாலேயே ஒரு கருங்காலியைச் செய்து, அதற்குச் செருப்பும் மாட்டிவிட்டிருக்கிறேன். நான் முழக்கமிடும்போதே அது டொக்கென்று ஒரு முட்டையை இறக்கியது.

பக்கத்து வீட்டு லேத்துக்காரர், பழைய தோழர், ஆதரவு தெரிவிக்க வந்தார். அவள் அவருக்கு ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். “குழாய் பிரமாதம் தோழர்,” என்றார், மென்றுகொண்டே. ஆதரவு அத்துடன் முடிந்தது.

வேறு வழியில்லை. அவள் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, குழாயைக் கழற்றிக் கூரைமேல் வீசினேன்.

“என்னங்க, முட்டையே வரலையே.”

“மெஷினை நம்பினா அப்படித்தான். மனுஷனை நம்பணும்.”

“அதுவும் சரிதான். நாளைக்கு விடிகாலையில வேலைக்கு வந்துடுங்க.”

வெற்றி. தூக்கம் போனாலும் உரிமை திரும்பிவிட்டது. ஆனாலும் பேச்சுவார்த்தையில் எதையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வது என் வழக்கம்.

“ஆம்லெட்?”

“அது பழைய ஆளுக்குக் கொடுத்தது. அவரைத்தான் வேலையை விட்டு எடுத்தாச்சே. நீங்க புது ஆளு. வேலை நிரந்தரம் ஆகட்டும், பாக்கலாம்.”

“எப்ப நிரந்தரம் ஆகும்?”

“கோழிங்களுக்குத் திருப்தி ஆகணுமில்ல?”

மறுநாள் இருட்டில் குனிந்து கூண்டுக்குள் கையை விட்டேன். என்னை நன்றாகத் தெரிந்த கோழிதான். நான் புது ஆள் என்று அதற்கும் தகவல் போயிருக்கிறது. கொத்தியது.