ஈசான மூலையில் எழுதியிருந்தது

தெரியாத தொழிலில் இறங்குகிறவன் தனியாக ஏமாறுவான். அரைகுறையாகத் தெரிந்தவன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் ஏமாறுவான். நான் இரண்டாவது வகை. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பதினெட்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அதனால் உலகத்தில் உள்ள எல்லாக் களஞ்சியமும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் பாலா என்றொருவர் போன் எடுத்தார். நைஜீரியாவில், லாகோசில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய களஞ்சியம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கிப்போட்டால் வாடகையிலேயே காலம் தள்ளலாம் என்றார். உறுதிப் பத்திரம் பார்த்தேனா? இல்லை. சட்டத்தரணியைக் கேட்டேனா? அதுவும் இல்லை. ஆள் எங்கள் பக்கத்து ஊர், என் சித்தப்பா மகனோடு ஒரே பள்ளிக்கூடம். (வேறென்ன வேணும்?) இருக்கிற வீட்டை ஈடு வைக்க வங்கியோடு கதைத்து, திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாகியும் விட்டது.

அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, பாலா லாகோசிலிருந்து எடுத்த வீடியோ அழைப்பை டிவியில் போட்டேன். திரையில் நீலக் கதவு, உயர்ந்த தகரக் கூரை. "இந்த வாசலுக்குள்ள ரெண்டு லொறி ஒண்டாப் போகும்" என்று, நானே கட்டினவன் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன்.

குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள் என் மனைவி மனோ. "தம்பி பாலா, ஈசான மூலையை ஒருக்காக் காட்டும்."

எனக்கு மானம் போய்விட்டது. "சீமெந்து மூட்டை அடுக்கிற இடத்துக்கு என்னப்பா வாஸ்து? வடகிழக்கு மூலையில சாமிப்படமா வைக்கப் போறம்?" எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

பாலா ஒரு மூலையைக் காட்டினார். மனோ திரைக்குக் கிட்டப் போனாள்.

"மத்தியானம் திரும்பிற்று, வெயில் அந்தப் பக்கத்தால வருது. அப்ப அது மேற்கு. நீர் காட்டுறது வடமேற்கு."

"மற்றப் பக்கம் ஒரே சேறு, அக்கா. போகேலாது."

பாலாவுக்குப் பின்னால் சீருடையோடு ஒரு காவலாளி நின்றார். என் மகள் அபி அவரைக் கூப்பிட்டு, வடகிழக்கு மூலையைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல மனிதர். அதற்கென்ன என்று போனை வாங்கிக்கொண்டு விறுவிறென்று நடந்தார். சேறு ஒன்றையும் காணோம். (புழுதிதான் பறந்தது.)

மூலை திரும்பியதும் சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்து. அபி அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னாள்: "இந்தச் சொத்து விற்பனைக்கு இல்லை. ஏமாறாதேங்கோ."

முதலாளி எழுதி வைத்தது என்றும், மாதாமாதம் யாராவது வாங்க வருகிறார்கள், பாவம் என்றும் காவலாளி சொன்னார். பாலாவின் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

என் வீட்டில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒருவர் மெல்ல, "வடை நல்லா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கடன் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார் அங்கிருந்த டெனிஷ் பெண். அவசரத்தில் வாயில் வந்தது, "வடகிழக்கு மூலை சரியில்லை." அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அதை அப்படியே தட்டச்சு செய்தார். வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். வீடு தப்பிவிட்டதே என்ற நிம்மதி. அன்று பின்னேரம் எங்கள் வாசற்கதவைத் திறந்தபோது, அது என் கதவுதான் என்பதே பெரிய சந்தோசமாக இருந்தது. மனோ தேத்தண்ணி தந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தாலும் ஈசான மூலை பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. போன கோடை விடுமுறைக்கு அபி தன் காதலனைக் கூட்டி வந்தாள். ஆறடிக்கு மேல் ஒரு டெனிஷ் பொடியன். நான் வாய் திறக்க முன்னரே, வாசலில் வைத்து அவனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"வடிவாப் பாருங்கோ அப்பா. ஒரு பக்கத்திலயும் எழுத்து இல்லை."