அட்டையைப் பார்க்கவும்

சொந்தப் பார்வைக்கு மட்டும்

றொசல்ல,
ஞாயிறு, மழை.

மதிப்பிற்குரிய பூரணி அத்தைக்குத் தனுஷன் எழுதுவது.

இங்கு அப்பா, அம்மா, தங்கச்சி பிரேமினி, நான் எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் மாமாவும் கல்யாணப் பெண் சுலக்ஷனாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வத்தளையில் உங்கள் போனை முதலில் எடுத்துப் பார்ப்பது சுலக்ஷனா. விஷயமோ அவளுடைய கல்யாணப் பரிசைப் பற்றியது. அதனால்தான் காகிதம். நம் சொந்தங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் நீங்கள் சேரவில்லை. புத்திசாலித்தனம். இதை வாசித்து முடித்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

உங்கள் குறுக்குத் தையல் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேடப்போவது அதைத்தான். பிரேமினி கையில் அதைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பென்சில் படக்கூடாது, சாப்பிடுற மேசையில வைக்கக்கூடாது, இந்த நீலக் குருவி ரெண்டும் எம் மக ரிசப்ஷன்ல மட்டுந்தான் தொங்கணும், வேற ஒரு வீட்லயும் இருக்கக்கூடாது" என்றீர்கள். நியாயமான நிபந்தனைகள். ஆனால் அந்தக் குருவிகளைத் தைக்க, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று மாதக்கணக்கில் எண்ண வேண்டும். அத்தனை நாளும் புத்தகத்தை விரித்தே வைத்தால் அதன் முதுகு உடைந்து தாள் தாளாகக் கழன்றுவிடும். இதைப் புரிந்துகொள்ள டிப்ளோமா தேவையில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அதைப் புரிந்துகொண்டவன் டிப்ளோமா முடித்தவன் மட்டுமே. வாங்கியவர் தன் சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், மற்றவருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. வாங்கியவர் நீங்கள், தைப்பது உங்கள் வீட்டுக்கு. ஆகவே சட்டப்படி சரி. குருவிப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பிரேமினியிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி, ஓரங்களை ஒட்டி, பெட்டிக்குள் வைப்பது என்று முடிவு செய்தேன்.

ஹட்டனில் நான் வேலை செய்யும் இடத்தில் நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் அவை கம்பெனிக்குச் சொந்தம். அதனால் கொட்டகலைக்குப் போனேன். அங்கே அஸ்லம் நானாவின் கடையில் இருக்கும் போட்டோ கொப்பி மெஷினை நான்தான் திருத்திக் கொடுப்பவன், அதன் குணம் எனக்குத் தெரியும். நானா குருவிகளைப் பார்த்துவிட்டு, "நல்ல டிசைன் தம்பி, ஒரு அம்பது போட்டு வெச்சா டீச்சர்மாரெல்லாம் வாங்குவாங்க" என்றார். சொந்தப் பாவனைக்கு மட்டும்தான் என்றேன். "அப்ப என்ட மனுசிக்கு ஒண்டு போடுங்க. அவவும் சொந்தமாத்தான் பாவிப்பா" என்றார். மறுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்குத் தேநீர் சொல்லவில்லை, அது வேறு கதை. அதிகபட்சத் தெளிவில் ஸ்கேன் செய்து ஒரு மூலப் பிரதி எடுத்தேன். நிறங்களின் விளக்கம் புத்தகத்தின் பின் அட்டையின் உட்பக்கத்தில் இருப்பதால் அதை மட்டும் தனியாக ஒரு வர்ணப் பிரதி எடுத்துப் பிரேமினிக்கு வைத்தேன். பிறகு மூலப் பிரதியின் கீழ் ஓரத்தில் தெளிவான கையெழுத்தில் இரண்டு வரி எழுதினேன்:

சொந்தப் பாவனைக்கு மட்டும்.
நிறங்களுக்கு அட்டையைப் பார்க்கவும்.

இந்த இரண்டு வரியில் எங்கே குழப்பம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூலப் பிரதியைப் பிரேமினியிடம் கொடுப்பது, அவசரத்துக்கு வீட்டில் ஓர் உதிரிப் பிரதி வைப்பது என்பது திட்டம். அந்த உதிரிப் பிரதியை எடுக்கும்போதுதான் ஒரு தடங்கல். றொசல்ல ஸ்டேஷனுக்கு மலைப்பாதையில் நனைந்து இறங்கி வந்தபோது என் காலில் ஏறிய அட்டை ஒன்று எப்படியோ கை வரைக்கும் வந்திருக்கிறது. நான் மூடியை அழுத்த, அது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. திறந்து பார்த்தால் கண்ணாடியில் இரத்தம். "தம்பி, உங்கட கை வெட்டிட்டா?" என்று நானா பதறினார். துடைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்த தாளை நான் பார்க்கவில்லை. உதிரிப் பிரதியை யாரும் பார்க்கப்போவதில்லை, அதுதானே உதிரி என்பதன் அர்த்தம்.

அம்மா பார்த்துவிட்டார். வீடு கூட்டும்போது கோப்புக்குள் பார்த்திருக்கிறார். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, அதைக் கையோடு பஸ்ஸில் கொண்டுபோய் வேறொரு கடையில் கொப்பி போட்டு, கொட்டகலையில் பெரியம்மா மகள் சர்மிளா அக்காவுக்கு, கினிகத்தேனையில் இராமையா மாமாவுக்கு, இன்னும் இரத்த உறவு என்று யார் யார் உண்டோ அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "சொந்தத்துக்கு மட்டும்னு நீதானேடா எழுதியிருக்க? நான் சொந்தத்துக்குத்தானே குடுத்தேன், ஊராருக்கா குடுத்தேன்? அடுத்த லயத்துக்காரி கேட்டா, குடுக்க மாட்டேன்னுட்டேன்" என்கிறார். அடுத்த லயத்துக்காரிக்குக் கொடுக்காமல் இருந்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டுமாம். சுலக்ஷனா கல்யாணத்துக்கு ஆளுக்கொன்று தைத்துக் கொடுங்கள், வத்தளைக்கும் என் பிள்ளைகளுக்கும் தெரியக்கூடாது என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். நம் குடும்பத்தில் முதல் முறையாக எல்லோரும் ஒரு இரகசியத்தைக் காப்பாற்றியது இதில்தான்.

அடுத்தது இரண்டாவது வரி. அவர்களிடம் புத்தகமும் இல்லை, பின் அட்டையும் இல்லை. ஆனால் தாளில் அட்டை இருந்தது. நான் எழுதிய வரிகளுக்கு நேர் மேலே, வளைந்து, இரண்டு முனையும் தெளிவாக, குருவிகளைவிட நன்றாகவே விழுந்திருந்தது. இராமையா மாமாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு வேலையை யோசிக்காமல் செய்வார், ஆனால் முழுதாகச் செய்வார். படத்தில் நிறம் இல்லையே என்று நிஜ அட்டை ஒன்றைப் பிடித்து ஜாம் போத்தலில் போட்டு, நூல் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். முதுகுக்கு மண்ணிறம், ஓரக்கோட்டுக்கு மஞ்சள் என்று கண்ணாடிக்கு மேல் நூலை வைத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார். கடையில் நின்ற பெண் சிங்களத்தில் என்ன சொன்னாள் என்பதை அவர் சொல்ல மறுக்கிறார். கறுப்பாகத் தெரியும் அடையாளத்துக்கெல்லாம் மண்ணிறம், வெறும் புள்ளிக்கெல்லாம் மஞ்சள் என்று முடிவு செய்து மற்ற எல்லோருக்கும் போனில் சொல்லியும் விட்டார். முறை சரி, தரவுதான் பிழை.

போன ஞாயிறு அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள். ஒன்று தப்பாமல் எல்லாம் அதே கிளை, அதே இரண்டு குருவி, மண்ணிறத்தில், அங்கங்கே மஞ்சளோடு. இதென்ன என்று கேட்டேன்.

"தெரியலையா மாப்ள? மைனா" என்றார் மாமா.

"அது நீலக் குருவி மாமா. அட்டையில அப்படித்தான் இருக்கு."

"எந்த அட்ட நீலமா இருக்கு? நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன் அட்டைய. அதப் பாருன்னு நீ எழுதி வேற குடுக்குற."

"பாவம், கொழும்புல மெஷின் படிச்ச புள்ள" என்றார் சர்மிளா அக்கா. "அட்டைய மறந்திருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். சுலக்ஷனா எனக்கு முறைப்பெண் என்பதால் பொறாமையில் நானே திட்டமிட்டு இதைச் செய்ததாகவும் அக்கா பிறகு பேசியிருக்கிறார். பொய். எனக்கு அப்படி எதுவும் இல்லை. அட்டைக்கும் முறை தெரியாது.

பிரேமினி சிரிக்கவில்லை. முன்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து ஜன்னல் வெளிச்சம் போகும்வரை குனிந்து தைத்தவள் அவள். முதல் குருவி முழுதாக முடிந்துவிட்டது, இரண்டாவதுக்குத் தலை மட்டும் பாக்கி. "எல்லார் வீட்லயும் இருக்குற படத்த நான் எதுக்குத் தைக்கணும்? அத்தைகிட்ட என்னன்னு குடுப்பேன்?" என்று துணியைத் தையல் சட்டத்தோடு சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். ஒரு வாரமாக ஊசியைத் தொடவில்லை. நான் சமாதானம் சொன்னேன். தலை இல்லாவிட்டாலும் குருவி என்று தெரிகிறது என்றேன். அது உதவவில்லை.

ஆகவே அத்தை, உங்களிடம் இரண்டு கோரிக்கை. முதலாவது, பிரேமினிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்காகத்தான் தொடங்கினாள், நீங்கள் சொன்னால் முடிப்பாள். ரிசப்ஷனுக்கு அதிக நாள் இல்லை. இரண்டாவது, மற்றவர்கள் எல்லோரும் குக்கரோ கடிகாரமோ கொடுக்கும்படி நீங்களாகவே யோசித்ததுபோல் ஏதாவது செய்யுங்கள். நான் எழுதியதாகத் தெரியக்கூடாது. குறிப்பாக இராமையா மாமாவைப் பற்றி நான் எழுதியதும், சர்மிளா அக்காவைப் பற்றி எழுதியதும், அம்மாவைப் பற்றி எழுதியதும் உங்களோடு இருக்கட்டும். சுலக்ஷனாவின் காதுக்கு ஒரு சொல்கூடப் போகக்கூடாது.

எங்கள் லயத்துச் சுமன் நாளைக் காலை ரயிலில் கொழும்புக்கு வருகிறான், புத்தகத்தையும் கடிதத்தையும் அவன் கையில் தருவான். அப்பா மழை விட்டதும் வருவதாகச் சொல்லச் சொன்னார், அதாவது வரமாட்டார். மாமாவுக்கு என் வணக்கம். கல்யாணம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தேற முருகனை வேண்டும்,

தங்கள் மருமகன்
பொ. தனுஷன்

பி.கு.: நான் கடித உறை தேடப் போன நேரத்தில் அம்மா இதைப் பார்த்துவிட்டார். தலைப்பில் சொந்தப் பார்வைக்கு மட்டும் என்று எழுதியிருந்ததால், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துச் சொந்தங்களின் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த லயத்துக்காரிக்குக் காட்டவில்லையாம். இராமையா மாமா உடனே போன் எடுத்து, "மாப்ள, அட்டைன்னா பொஸ்தக அட்டையா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா" என்றார். கோபம் இல்லை, போத்தலில் இருந்ததை இனி விட்டுவிடலாமா என்று மட்டும் கேட்டார். சுலக்ஷனாவும் குழுவில் இருக்கிறாள். அவள் எழுதியது இவ்வளவுதான்: "மைனா எல்லார்கிட்டயும் இருக்கு. நீலம் ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு? பிரேமினிய தலையத் தைக்கச் சொல்லுங்க." இது எனக்குத் தோன்றவில்லை. பிரேமினி நாற்காலி போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருந்து சட்டத்தை எடுத்துவிட்டாள், இப்போது ஜன்னலோரம் இருக்கிறாள். ஆக மேலே எழுதிய எதற்கும் இனி வேலை இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன். நம் சொந்தத்தில் இதை இன்னும் வாசிக்காதவர் நீங்கள் ஒருவர்தான்.