பூவாத்தாளின் மூக்கும் தண்ணீர்ப் பெட்டியும்

ஒரு காட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அது பொறுக்காமல் ஒரு குழு போட்டார்கள்.

அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாதது ஒரே ஒரு ஊற்று. விலங்குகள் வரும், குனியும், குடிக்கும், போகும். இதில் யாருக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை. குழு வந்து பார்த்து, இதில் ஒழுங்கே இல்லை என்று கண்டுபிடித்தது. ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே மூடி, ஒரு குழாயை மட்டும் வெளியே விட்டார்கள். குழாயோரமாகக் கம்பம் நட்டு, அதில் தொடுதிரை வைத்த பெட்டி ஒன்றை மாட்டினார்கள். பெட்டியை உருவாக்கியவர் வாலழகன் என்கிற குரங்கு. பட்டணத்துக் கோயில் கோபுரத்தில் ஆறு மாதம் இருந்து, பக்தர்களின் செல்போனைப் பிடுங்கிப் பிடுங்கியே படித்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை.

வெள்ளோட்டத்தன்று காடே கூடியது. வாலழகன் திரையில் விறுவிறுவென்று விரலை ஓட்டினார். பெயர், இனம், கால்களின் எண்ணிக்கை, தாகத்தின் அளவு என்று எட்டுப் பக்கம் போனது. எட்டாம் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பச்சைப் பொத்தான், அதை ஒட்டியே ஒரு சிவப்புப் பொத்தான். பச்சையை அமுக்கியதும் குழாயில் தண்ணீர் கொட்டியது. எல்லாருக்கும் புரிந்ததா என்று கேட்டார்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டிவிட வேண்டும். புரியவில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை எட்டி நீட்டி ஆட்டியது. விரலே இல்லாத பாம்பு எல்லாரையும் விட வேகமாக ஆட்டியது. எருமை பூவாத்தாள் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பக்கத்தில் நின்ற காட்டுப்பன்றி ஆட்டுவதைப் பார்த்து அவளும் ஆட்டிவிட்டாள். பன்றி அவளைப் பார்த்துத்தான் ஆட்டியது என்பது வேறு விஷயம். நூற்றுக்கு நூறு பேருக்குப் புரிந்தது என்று வாலழகன் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூவாத்தாளுக்கு மடி வற்றியது. குடித்தால்தானே சுரக்கும்? பிறந்து இருபது நாளான கன்று மொச்சை, மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. பெற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாளா? நேரே பெட்டியிடம் போனாள்.

குளம்பை வைத்தாள். திரை முழுவதும் குளம்புக்கு அடியில் போய்விட்டது. "தங்கள் தாகம் எங்களுக்கு மிக முக்கியம். முதலிலிருந்து தொடங்கவும்" என்றது பெட்டி. சரி, மூக்கால் தொடுவோம் என்று தொட்டாள். ஈர மூக்குக்குத் திரை மசிந்தது. ஆனால் ஐந்தாம் பக்கம் வருவதற்குள் மூக்கு காய்ந்துவிட்டது, காய்ந்த மூக்கைத் திரை மதிக்கவில்லை. நக்கி ஈரமாக்கலாமென்றால் நாக்கும் காய்ந்து கிடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் மூக்கு ஈரமாக இருக்க வேண்டும், மூக்கு ஈரமாக வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மரத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்த வாலழகனிடம்தான் சொன்னாள். "தம்பி, அந்தப் பெட்டி எனக்கு வசப்படலைப்பா. புள்ள தாகத்துல கிடக்கு."

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அக்கா. நீங்க தொடுற விதம்தான் சரியில்ல. அன்னைக்குப் புரிஞ்சதுன்னு தலையாட்டினீங்களே?"

பூவாத்தாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேண்டுமானால் புகார் கொடுக்கலாம், பெட்டியிலேயே ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்று வழியும் சொன்னார் வாலழகன். நல்ல மனுஷன் என்று சொல்ல வருகிறது, குரங்காய்ப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மொச்சை கண்ணைத் திறக்கவில்லை. பூவாத்தாள் அழுதாள். அழுத கண்ணீர் வழிந்து மூக்கை நனைத்தது. நனைந்த மூக்கோடு ஓடிப்போய் ஒரே மூச்சில் எட்டாம் பக்கம் வரைக்கும் வந்துவிட்டாள். மிளகுப் பொத்தானில் மூக்கை வைத்தாள். எருமை மூக்கு என்ன எறும்பு மூக்கா? பச்சையும் சிவப்பும் சேர்ந்தே அமுங்கின. இரண்டும் அமுங்கினால் சிவப்புதானே ஜெயிக்கும், ரத்து என்று சொல்லிவிட்டுப் பெட்டி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான், அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சல் வந்தால் எருமைக்கு முதுகு அரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து ஒரு தேய், திரும்ப ஒரு தேய். மூன்றாவது தேய்ப்பில் கம்பம் பெட்டியோடு சாய்ந்து குழாயை உடைத்துக்கொண்டு விழுந்தது. தண்ணீர் பீறிட்டது. முதலில் தள்ளிப் படுத்துக்கிடந்த மொச்சையின் வாய்வரைக்கும் போய்த் தெறித்தது, பிறகு அவள் குடித்தாள், பிறகு காடே குடித்தது.

ஒரு வாரம் கழித்துக் குழுத் தலைவர் நரியார் பார்வையிட வந்தார். வாலழகனின் அறிக்கை தயாராக இருந்தது. தண்ணீர்ப் பயன்பாடு நாற்பது மடங்கு உயர்ந்திருக்கிறது, இதுவரை ஒரு புகாரும் இல்லை. பெட்டி ஏன் தரையில் கிடக்கிறது என்றதற்கு, குட்டை விலங்குகளுக்கும் எட்டவேண்டுமென்று படுத்த நிலையில் வைத்திருப்பதாகச் சொன்னார். நரியார் நெகிழ்ந்து, முன்னால் நின்ற பூவாத்தாளைக் கூப்பிட்டு, பெட்டி எப்படி இருக்கிறதம்மா என்று கேட்டார்.

அவள் மொச்சையைப் பார்த்தாள். அது வயிறு புடைக்கக் குடித்துவிட்டுச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் கம்பத்தை நிமிர்த்திவிடுவார்கள்.

"ரொம்பச் சுலபமா இருக்குங்க," என்றாள். "எனக்கே வந்துருச்சுன்னா பாத்துக்கங்களேன்."

நரியார் அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். அடுத்த பெட்டி மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்கு. ஒரு சின்ன மாற்றம் மட்டும், காற்று மழைக்கு அசையாமலிருக்கக் கம்பத்தை சிமெண்டில் நிறுத்தப் போகிறார்கள். அந்தக் காட்டில்தான் பூவாத்தாளின் தங்கை வேலாத்தாள் இருந்தாள். அவளுக்கு இது நிறைமாசம்.

எல்லாருக்கும் புரிந்ததா என்று கேட்டார் நரியார். காடு முழுக்கத் தலையாட்டியது. மொச்சையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பூவாத்தாளும் ஆட்டினாள்.

நீதி: புரியாவிட்டாலும் தைரியமாகத் தலையாட்டுங்கள், உங்கள் ஊர்க் கம்பம் மண்ணில் நட்டதாக இருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள்.