ஒட்டுப்பால் பந்தும் சர்ட்டிபிகேட் அண்ணனும்

சப்ரகமுவ மாகாணத்திலேயே தலைமைத்துவப் பயிற்சி அதிகம் பெற்ற மனிதர் எங்கள் தோட்டத்துச் சர்ட்டிபிகேட் அண்ணன்தான். அவர் யாருக்கும், எதற்கும், ஒரு நாளும் தலைமை தாங்கியதில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டம் எங்களுடையது. அண்ணன் பால் வெட்டுகிறவர். நான் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் கணக்கப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

எந்த ஊர் மண்டபத்திலாவது 'உங்களுக்குள் இருக்கும் தலைவரைக் கண்டுபிடியுங்கள்' என்று பேனர் கட்டினால் போதும், அண்ணன் லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பகல் சாப்பாட்டுக்காகப் போகிறார் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்துவிடுவார். சர்ட்டிபிகேட்டை மட்டும் லெமினேட் பண்ணி, சுவரில் ஆணியடித்து மாட்டுவார். சாமிப் படங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தன.

"என்னண்ணே, தலைவரக் கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்பேன்.

"இன்னைக்கும் ஆம்புடல தங்கச்சி. அடுத்த மாசம் கேகாலையில வச்சிருக்காங்க, பாப்போம்."

பயிற்சிப் பட்டறையில் கற்ற விளையாட்டைத் தோட்டத்தில் ஆடிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் பெரட்டுக்களத்தில் பக்கத்தில் நின்ற மாரிமுத்துவிடம், "கண்ண மூடிக்கிட்டுப் பின்னுக்குச் சாயுங்க மச்சான், நான் புடிச்சிக்கிறேன். இது நம்பிக்கைப் பயிற்சி" என்றார். மாரிமுத்து நம்பிச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார். பெயர் கூப்பிட்டதும் கை தூக்காதவருக்கு அன்று வேலை கிடையாது. அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். மாரிமுத்துவால் ஒரு கிழமை குனிந்து பால் வெட்ட முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் நின்றது. மழையில் ரோட்டு வளைவில் மண் சரிந்ததால், தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ் கீழே கடைச் சந்தியோடு திரும்பிப் போனது. மண்ணை அள்ளி முடித்த பிறகும் அது மேலே வரவில்லை. என் மகளுக்கு ஓ.எல். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. விடியும் முன்பே எழும்பி, அட்டைக்கடியோடு ஒரு மணி நேரம் இறங்கி நடந்து, வகுப்பில் தூங்கி விழுந்தாள். "இனி நான் போகலம்மா" என்று ஒரு நாள் சொல்லியும் விட்டாள்.

பஸ் டிப்போவில் பேசப் போக வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கோ காய்ச்சல். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்களே, நீங்க முன்னுக்குப் போங்க!"

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னே போனார். பின்னால் நாங்கள் நான்கு பெண்கள். டிப்போவுக்குப் பொறுப்பான சிங்கள மாத்தயா நிமிர்ந்து பார்த்து, "கியன்ன" என்றார், சொல்லுங்கள் என்று. அண்ணன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மறுபடி திறந்தார். மறுபடியும் இருமல். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுத்தார். மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சுற்றிச் சுற்றி எங்கள் பிள்ளைகள் செய்வார்களே, அந்தப் பந்து.

"எல்லாரும் வட்டமா நில்லுங்க. பந்து யாரு கையில இருக்கோ அவங்கதான் பேசணும்" என்று சொல்லி, மாத்தயாவிடமே வீசினார்.

மாத்தயா பழக்க தோஷத்தில் பிடித்துவிட்டார். "மொகத மே?", இது என்ன, என்று பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளையாட்டு இன்னதென்று அண்ணன் சிங்களத்தில் சொன்னதும் சிரித்துக்கொண்டே, ரோட்டில் மண் கிடக்கும்போது பஸ்ஸை எப்படி அனுப்புவது என்று கேட்டார். மண் இன்னும் அங்கேயே கிடப்பதாக அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்! பந்து அண்ணனிடம் திரும்பி வந்தது. அவர் யோசிக்கவே இல்லை, என் நெஞ்சைப் பார்த்து எறிந்தார்.

பிடித்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா? சிங்களத்தில் பொரிந்து தள்ளினேன். மண்ணை அள்ளி ஒரு மாதமாகிறது, ரப்பர் லொறி தினமும் ஏறி இறங்குகிறது, என் மகள் மட்டும் நடக்கிறாள், நீங்களே வந்து பாருங்கள் என்றேன். பந்தை நான் நசுக்கிய நசுக்கலில் கை வலித்தது.

மறுநாள் காலை பஸ் மேலே வந்தது. முன் சீட்டில் டிப்போ மாத்தயா. மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒரு நாளும் அது தவறவில்லை.

"ஏன்ணே என் பக்கம் எறிஞ்சீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"பஸ்ல கண்டக்டரோட நீங்க போடுற சண்டைய மூணு வருசமா கேட்டுக்கிட்டுத்தானே வாறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்ட்டிபிகேட்டோடு வந்தார். தன் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, என் பெயரை எழுதி, புதிதாக லெமினேட் பண்ணியிருந்தார். "கேகாலையில குடுத்தது. என்கிட்ட இருக்கிறதுல இதுதான் பெருசு" என்றார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன்.

இப்போது தோட்டத்து மாதர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. அண்ணன் இன்னும் பட்டறைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் கை வைக்க இடமில்லை. நடுவில் ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

"அதுல வேற எதையும் மாட்ட விடமாட்டேங்கிறாரும்மா," என்றார் அண்ணி. "அது உங்க எடமாம்."