பம்பு ஓடுது, பக்கெட்டை எடு!

நைவாஷா மண்பாதையின் முதல் வளைவில் காரைத் திருப்பி, நியாகா மூன்றாவது கியரைப் போட்டான். அவ்வளவுதான், மாடிப்படியில் தடதடவென்று ஆட்கள் ஓடுகிற சத்தம். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பதறி, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"பம்பு போட்டுட்டாங்க! பக்கெட்டை எடுங்கடி!" என்று இரண்டாம் மாடி மோரா அலறிக்கொண்டிருந்தாள்.

அன்று திங்கட்கிழமை. அந்தக் கட்டடத்தில் செவ்வாய், வெள்ளி சாயங்காலம்தான் பம்பு ஓடும். அது ஓடும்போதுதான் முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும். சுவரெல்லாம் 'உர்ர்ர்' என்று அதிர ஆரம்பித்தால், அடுப்பில் உகாலிக் களி கருகினாலும் சரி என்று உமோஜா பேட்டைக்காரர்கள் கேனோடு கீழே பாய்வார்கள்.

நியாகா தன் சீட்டைத் தடவிப் பார்த்தான். உறுமியது இதுதான்.

மட்டாட்டு பஸ்களுக்குப் பாட்டுப்பெட்டி பொருத்துவது அவன் தொழில். பாட்டைப் போட்டால் பயணிகளின் பல் ஆட வேண்டும், இல்லாவிட்டால் நைரோபியில் எவனும் அந்த பஸ்ஸில் ஏறமாட்டான். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட வீட்டிலேயே ஒரு காக்பிட் கட்டினால் அடக்கமாகவா கட்டுவான்? பழைய மட்டாட்டுவின் டிரைவர் சீட். அதற்கு அடியில் இரண்டு வூஃபர் ஸ்பீக்கர், முதுகுக்கு ஒன்று, பெடலுக்குக் கீழே ஒன்று. சரளைக்கல் இடுப்பில் தெரியும், பிரேக் பூட்டிக்கொண்டால் பாதத்தில் தெரியும். எந்த டயர் வழுக்குகிறது என்பதை முதுகே சொல்லிவிடும்.

"அய்யோ சாமி! எல்லாரும் கீழே போய்க் காலி குழாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள் மனைவி மக்கேனா, ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு. "இந்தச் சனியனை நிறுத்துங்க. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா நாம தெருவுலதான் நிக்கணும்."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. வீட்டுக்காரம்மா வைரிமு கீழ்வீட்டிலேயே குடியிருந்தாள். சர்ச் பேண்டுக்கு டிரம்பெட் பழகியவனைப் போன மாதம்தான் பெட்டி படுக்கையோடு வெளியே அனுப்பியிருந்தாள். மகளின் பள்ளிக்கூடம் எதிர்த்தெருவில். இப்படி ஒரு வீடு இன்னொரு தடவை கிடைக்காது.

"ஒரு சின்ன வேலைதான், சரி பண்ணிடறேன்" என்றான் நியாகா.

லாரி டியூபை வெட்டி, காக்பிட்டின் கால்களுக்கு அடியில் மெத்தை மாதிரி வைத்தான். கடகட சத்தம் அடியோடு நின்றது. சுத்தமான 'உர்ர்ர்' மட்டும் மிஞ்சியது.

"இன்னிக்கு பம்பு பிரமாதமா ஓடுது!" என்று கீழே ஒருவன் கத்தினான்.

புதன்கிழமை காக்பிட்டைக் கூடத்திலிருந்து படுக்கையறைச் சுவரோரம் தள்ளிவைத்தான். அந்தச் சுவருக்குள்தான் தண்ணீர்க் குழாய் போகிறது என்பது, முற்றத்துக் குழாய் நடுங்கிக்கொண்டே காற்றைத் துப்பிய பிறகுதான் தெரிந்தது. கூட்டம் இரட்டிப்பானது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

தன்மேல் சந்தேகம் வரக் கூடாதே என்று நியாகாவும் விளையாட்டை நிறுத்திவிட்டு, ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வரிசையில் நின்றான்.

மோரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க ராசியே ராசி அண்ணே! நீங்க வந்தாலே பம்பு நின்னுடுது."

வூஃபரை எல்லாம் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். மரத்துப்போன உடம்போடு மூன்று வளைவு தாண்டுவதற்குள் கார் பள்ளத்தில் விழுந்தது. மனசு கேட்கவில்லை. கொஞ்சமே கொஞ்சம் சத்தம் வைத்தான். ஜனம் கொஞ்சமே கொஞ்சம் பக்கெட்டோடு ஓடியது.

ஆனால் பழி விழுந்தது வாட்ச்மேன் கியோக்கோவின் தலையில். பம்பு ரூம் சாவி அவனிடம்தான் இருந்தது. பாவம், நல்ல மனுஷன். காக்பிட்டை மேலே தூக்கி வரக் கைகொடுத்தவனே அவன்தான். "பெடலுக்கு அடியிலயுமா வச்சிருக்கீங்க? பலே!" என்று குனிந்து குனிந்து பார்த்தான். அதற்கும் முன்பே, பம்பு ரூமில் உட்காரவென்று நியாகாவிடம் கிழிந்த சீட் ஒன்றும், ஓரம் உடைந்த வூஃபர்கள் சிலவும் கேட்டு வாங்கிப் போயிருந்தான்.

சனிக்கிழமை முற்றத்தில் கூட்டம்.

"தினமும் பம்பு ஓடுது, செவ்வாய் வெள்ளி தவிர எங்களுக்கு ஒரு சொட்டு வரல. கார் கழுவுற கடைக்கு வித்துட்டான்!" என்றாள் மோரா.

"அம்மா, சத்தியமா பம்பு ஓடல" என்றான் கியோக்கோ.

"என் காதாலயே கேட்டேன், பொய் சொல்லாத!" என்று வைரிமு சீறினாள். "புதுப் பம்பு சத்தமே போடாதுன்னு கடைக்காரன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். அவனும் ஏமாத்தினான், நீயும் ஏமாத்துற. சாவியைக் குடுத்துட்டு இன்னிக்கே கிளம்பு!"

கியோக்கோ தலையைக் குனிந்துகொண்டு சட்டைப்பையில் கையை விட்டான். நியாகா ஓர் அடி முன்னால் வந்தான். தன்னால் ஒருவன் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? மக்கேனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தான். அவளே கையை விட்டுவிட்டாள்.

"அம்மா, அது பம்பு இல்ல. நான்தான்."

"நீ எப்படிப்பா உறுமுவ?"

சொன்னால் யாரும் நம்பவில்லை. வைரிமுவை மேலே அழைத்துப் போய்ச் சீட்டில் உட்காரவைத்தான். கியோக்கோவும் பின்னாலேயே வந்தான். நியாகா ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து, கியரைப் போட்டான். வைரிமுவின் கன்னம் ஆடியது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

முற்றத்திலிருந்து மோராவின் குரல். "வந்துடுச்சு! பக்கெட்டை எடுங்க!"

வைரிமு காரை நேராக ஒரு மரத்தில் மோதி நிறுத்தினாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடப்பாவி! புதுப் பம்பு அதுக்குள்ள கெட்டுப்போச்சோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம கெடந்தேன். பம்பும் நல்லா இருக்கு, கியோக்கோவும் திருடன் இல்ல. அது போதும்டா எனக்கு."

"அப்போ வீடு...?" என்றாள் மக்கேனா.

"இரும்மா, இங்கேயே இரு. அவன் ஓட்டட்டும். ஆனா ஒண்ணு, இனி ஒருத்தரும் வெறும் பக்கெட்டோட ஓடக் கூடாது." அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மக்கேனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். நியாகாவுக்கும் உயிர் வந்தது. ஆனால் இதை உறுமாமல் ஓட்டுவது எப்படி? தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

கியோக்கோ கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குனிந்து பெடலை ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"ரேஸ் ஓட்டறதா இருந்தா செவ்வாய், வெள்ளிதான் ஓட்டணும்ணே" என்றான். "அந்தக் கடைக்காரன் பொய் சொல்லல, புதுப் பம்பு சத்தமே போடாது. இத்தனை நாளா நீங்கல்லாம் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடி வந்தது பம்பு ரூம்ல ஓடுற என் காருக்குத்தான்!"