மூன்றாவது நாடு

சபாபதி இரண்டாவது முறையாக விமான டிக்கெட்டை ரத்து செய்தார்.

"இப்ப என்னாங்க?" என்றாள் மனைவி புஷ்பவல்லி. வெள்ளிக்கிழமை காலை சீனாவில், குவாங்சோவில், மகள் மலர்விழிக்கு மருத்துவப் பட்டமளிப்பு. அதற்காகவே ஒரு பட்டுப்புடவையை ஐந்து வருடமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள் அவள்.

"விசா இல்லாம சீனாவுக்குள்ள நொழையணும்னா டிரான்சிட்ல, அதாவது வேற நாட்டுக்குப் போற வழியில எறங்கற மாதிரி போகணும். பொறப்பட்ட எடத்துக்கே திரும்பினா அது டிரான்சிட் இல்ல. மூணாவது நாடு ஒண்ணு வேணும். ரூல் அப்படி."

ரூலைச் சொன்னவன் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன். மலேசிய அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் தலைமைக் கிராணியாக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற சபாபதிக்கு அதுவே தாராளம். விண்ணப்ப பாரம் பூர்த்தி செய்யாமல் திறக்கிற கதவு கதவே இல்லை என்பது அவர் கட்சி.

செவ்வாய்க்கிழமை கிள்ளான் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, மீன்கார கன்னையாவிடமும் இதை விளக்கினார்.

"அண்ணே, நானு போன மாசந்தான் குவாங்சோ போயிட்டு வந்தேன். அதுக்கு ஒண்ணும்..."

"நீ மீனை வெட்டு லா! டிரான்சிட்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

கன்னையா மீனை வெட்டினார். புஷ்பவல்லி பையை நீட்டினாள்.

மூன்றாவது டிக்கெட், போகும்போது குவாங்சோ, திரும்பும்போது ஹாங்காங். வாங்கிய பத்தாவது நிமிடம் சபாபதி அதை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஹாங்காங்லேருந்து எங்க வரோம்? இங்கதானே! அப்ப மறுபடியும் பொறப்பட்ட எடம்தானே?"

ஆகவே புறப்படும் இடத்தையே மாற்றினார். வியாழன் காலை பேங்காக், இரவு அங்கே தங்கல், வெள்ளி விடியலில் குவாங்சோ, பிறகு ஹாங்காங். நான்கு மணி நேரத்தில் நேராகப் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு மனிதர் ஒரு நாள் முழுக்க ஊர்வலம் போகத் திட்டம் போட்டுவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அப்புறம் ஃபைல். பாஸ்போர்ட், டிக்கெட், பென்ஷன் கடிதம், திருமணப் பதிவு, மகளின் பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போய், சத்தியப் பிரமாண ஆணையரிடம் ஒவ்வொரு தாளிலும் முத்திரை சாப் அடித்து வாங்கினார்.

"கரண்டு பில்லுக்குமா சாப்?" என்று கேட்டார் ஆணையர்.

"கேட்டா என்ன பண்றது?"

புதன்கிழமை அந்தக் கனத்த ஃபைலைப் புரட்டும்போதுதான் அவருக்குப் புதிய ஞானம் பிறந்தது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போனா அங்கேயே தங்கிடுவோம்னு சந்தேகப்படுவான். நீ இரு. நான் வீடியோ எடுத்து அனுப்பறேன்."

"பெத்தவ நானுங்க." என்றாள் அவள்.

"பெத்தவளா பெறாதவளான்னு ரூல் பாக்காது."

புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "மீன் வாங்கிட்டு வரேன்." நேற்று வாங்கிய மீன் ஐஸ்பெட்டியில் அப்படியே இருந்தது. அதையெல்லாம் கவனிக்க அவருக்கு நேரமேது?

வியாழக்கிழமை பேங்காக்கிலிருந்து ஆறு முறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. கோபம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டுத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பேங்காக் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். விமான நிலையத்துப் பெண் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. வேலை தெரியாதவள் என்று அவளையும் திட்டினார் சபாபதி.

குவாங்சோவில் இறங்கும்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு விழா. மற்ற வரிசைகள் மளமளவென்று நகர்ந்தன. டிரான்சிட் வரிசையில் மட்டும் அறுபது பேர் அசையாமல் நின்றார்கள். சபாபதி பெருமையோடு அந்த வரிசையில் போய் நின்று, அங்கேயும் ஒரு பாரம் கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்தார். பத்தேகாலுக்கு அவருக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர்.

மலர்விழி அழைத்தாள். "அப்பா, எங்க இருக்கீங்க?"

"டிரான்சிட் வரிசையில நிக்கறேம்மா. ஃபைல் பக்காவா இருக்கு, கவலப்படாதே. அம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. கொஞ்சமாச்சும் ரூல் தெரிஞ்சிருந்தா அவளும் வந்திருக்கலாம்."

மறுமுனையில் கைதட்டல் கேட்டது.

"அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்காங்கப்பா, நேத்து சாயந்தரமே நேரா வந்து எறங்கிட்டாங்க, மலேசியா பாஸ்போர்ட்டுக்கு முப்பது நாளைக்கு விசாவே வேணாமாம், மீன்கார அங்கிள் சொன்னாராம்."