பெரிய குறை ஒன்று, சிறிய குறை ஒன்பது

ஓரிக்கை, காஞ்சிபுரம்
புதன்கிழமை

மரியாதைக்குரிய மாமா தனசேகரன் அவர்களுக்கு,

மருமகன் சந்தோஷ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், நம் பொடி யூனிட்டில் வேலை செய்யும் பதினோரு பெண்களும், வறுக்கும் மிஷினும் சுகம். தென்னேரியில் தாங்களும் அத்தையும், போன வெள்ளிக்கிழமை மதியம் பையோடு வந்து இறங்கிய தங்கள் மகள் திரிஷாவும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். என் மனைவி என் போனை எடுப்பதில்லை. தங்கள் போனையும் அவள்தான் கட் பண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். ஆகவே கடிதம். நம் எல்லம்மாள் அக்கா வாலாஜாபாத் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளின் கேன்டீன்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு கான்ட்ராக்டர் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் நம்மிடம்தான் எடுக்கிறார். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் இனி வாங்குவதில்லை என்று மெயில் போட்டார். போடட்டும். அவருடைய கிச்சனில் அரிசி மூட்டைமேல் பூனை படுத்துக்கிடக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை. பெரிய ஆள் சின்ன ஆளைப் பார்த்து நீ சுத்தமா என்பான், சின்ன ஆள் திருப்பிக் கேட்க முடியாது. என் அம்மா ஒரு பட்டு முதலாளி வீட்டு வாசலைக் கூட்டப் போனபோது, தண்ணீரை எட்ட நின்று கையில் ஊற்றினார்கள். அந்தத் தெருவில் இன்றைக்கு நம் பொடி இல்லாமல் இட்லி இறங்குவதில்லை. வறுத்தது யார் என்று பாக்கெட்டில் போடுவதில்லை, அதனால் பிழைத்தோம். சரி, கோபத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழுக்கு மனு போட்டேன், ஆடிட்டர் ஒருவர் நேரில் வந்து எல்லாம் சுத்தமா, கணக்கா என்று பார்த்துத்தான் தருவார்.

பள்ளிக்கூடம் போகவேண்டிய வயசில் திரிஷா தறி வீட்டில் நூல் முடிந்துகொண்டிருந்தாள். அது தங்கள் குற்றம் இல்லை, ஆனால் அதை எந்த ஆடிட்டரும் வந்து பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தில், அறுந்த பட்டு நூலை இன்றைக்கும் கேட்டு வாங்கிவந்து, உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் ஒரு நிறம் கட்டுவாள். அரக்கு என்றால் இந்த வாரத்து மிளகாய், மாம்பழ மஞ்சள் என்றால் போன வாரத்து உளுந்து, கிளிப்பச்சையில் இரண்டு முடிச்சு என்றால் ஈரமாக வந்தது, காய வைக்காமல் தொடக்கூடாது. அந்த மூட்டையிலிருந்து வறுத்த பொடிப் பெட்டிக்கும் அதே நூல். எனக்கு இதெல்லாம் புரியாது. நான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவன். நூல், முடி, நகம் எல்லாம் சாப்பாட்டில் விழக்கூடாத பொருள் என்று அங்கே போர்டில் எழுதினார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் கத்தரிக்கோலை எடுத்து எல்லா நூலையும் வெட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

"வெட்டிட்டியா?" என்றாள்.

"சுத்தம் பண்ணிட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள். மாமா, அந்தச் 'சரி'யிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆடிட்டர் கலைவாணன் வந்தார். தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு உறை, கையில் சொந்தத் தண்ணி பாட்டில். உணவுப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் யார் என்றார். நான்தான் என்றேன். சரக்கைப் பார்த்து வாங்குவது, வறுப்பது, அரைப்பது எல்லாம் யார் என்றார். திரிஷாவைக் காட்டினேன். "இவங்க என்ன போஸ்ட்?" என்றார். "ஹெல்பர் சார்" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை மாமா. ரைஸ் மில்லில் தங்களை முப்பது வருஷம் பெயர்கூட எழுதாமல் நாலாம் நம்பர் ஹெல்பர் என்றே ரெஜிஸ்டரில் வைத்திருந்தார்கள் என்று, ஏப்ரல் பதினாலு, அண்ணல் பிறந்தநாள் மேடையில் மைக்கைப் பிடித்துக் கத்தியவன் நான். கைதட்டியவர்களில் திரிஷாவும் இருந்தாள். அவள் தொப்பியைக் கழற்றினாள், மடித்து மேஜைமேல் வைத்தாள். "ஹெல்பருக்கு லீவு வோணும் சார்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். ஆடிட்டர், "பரவால்ல, சொல்லிட்டுப் போறாங்க" என்று நோட்டில் நமக்கு நல்லதாக ஒன்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு நமக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். இதில் இருக்கும் மிளகாய் எந்த மூட்டை, யார் கொடுத்தது, நாலு மணிக்குள் காட்டுங்கள் என்றார். மூட்டைகள் எல்லாம் கழுத்து மொட்டையாக வரிசையில் நின்றன. நான் ரெஜிஸ்டரை நீட்டினேன். முந்தின வாரம் நானே ஒரே பேனாவில், ஒரே மூச்சில், மூன்று மாதத்துக்கு எழுதியது. புரட்டிக்கொண்டே போனவர் ஒரு தேதியில் நின்றார். "அன்னைக்கு லாரியில மிளகாய் வந்து இறங்குச்சா?" என்றார். "ஆமா சார்" என்றேன். "அன்னைக்கு வரதர் கோயில் கருட சேவை சார். நான் குடும்பத்தோட வந்திருந்தேன். ஊருக்குள்ள சைக்கிளே நுழையல. உங்க மிளகா மட்டும் கருடன்மேல ஏறி வந்துச்சா?"

எல்லம்மாள் அக்கா மிஷினுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வெளியே வந்தார். "அந்தப் பொண்ணு இருந்துச்சுன்னா கண்ண மூடிக்கினு சொல்லும் சார். இவரு தலைவருபா, இவருக்கு என்னா தெரியும்? கத்திரி புடிக்கத் தெரியும்."

முடிவு, பெரிய குறை ஒன்று, சிறிய குறை ஒன்பது. எந்தப் பாக்கெட்டில் எந்த மூட்டை என்று காட்டும் முறையைப் பதினைந்து நாளில் எழுதித் தராவிட்டால் சான்றிதழ் கிடையாது, கேன்டீன் கிடையாது, பதினோரு பேருக்கு வேலை கிடையாது. நான் ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறேன். அது நிச்சயம் தேறாது. ஆகவே தாங்கள் திரிஷாவிடம் பேசி அனுப்பிவைக்க வேண்டும். குழுத் தலைவர் இடத்தில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதிவிட்டேன். என்னை எந்தப் போஸ்டில் போடுவது என்று அவளே முடிவு செய்யட்டும். இது வீட்டு விவகாரம் இல்லை மாமா, முழுக்கத் தொழில் விவகாரம். சான்றிதழ் சிக்கல் மட்டும் இல்லாவிட்டால் தங்களைத் தொந்தரவு செய்திருக்கவே மாட்டேன்.

அத்தையின் முழங்கால் வலி குறையட்டும். தங்களுக்கு என்மேல் இருக்கும் வருத்தமும் கூடவே குறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
சந்தோஷ்குமார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மெயில் வந்துவிட்டது. எல்லம்மாள் அக்காவும் மற்றவர்களும் எந்த நிறம் எதற்கு என்று ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பிய முறையை ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். நூலுக்குப் பதில் அதே நிறத்தில் அட்டை. பெரிய குறை தீர்ந்தது, சான்றிதழ் வருகிறது. ஆகவே மேலே எழுதிய எந்தக் காரணத்துக்காகவும் திரிஷா வரத் தேவையில்லை.

இதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. மாமா, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் தாங்கள் படிப்பதில்லை, இதையும் அவள்தான் உரக்கப் படித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இனி வருவது தங்களுக்கு இல்லை. கொஞ்சம் ஏரிக்கரைப் பக்கம் போய்வாருங்கள்.

திரிஷா, அப்பா போயிட்டாரா? நான் அப்படிச் சொன்னது தப்பு. நீ போன அஞ்சு நாளா நான் சாப்பிடலன்னு சொல்ல மாட்டேன், நல்லாதான் சாப்பிடுறேன். ஆனா யார்கிட்டயும் பேசணும்னு தோணல. வந்துடும்மா.